மட்கார்டுக்குள் தேங்கியிருந்த மண்

காரின் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பினால் முன்சக்கரத்தில் ஏதோ உரசுகிற சத்தம். குனிந்து பார்த்ததுமே காரணம் தெரிந்தது. மட்கார்டின் உள்பக்கமாக, டயரைச் சுற்றி வளைந்து நிற்கும் பிளாஸ்டிக் லைனர், கிளிப் போய்ப் பின்பக்கக் கீழ்மூலையில் தொங்கிக்கொண்டிருந்தது. அப்படியே விட்டால் வேகமாகப் போகும்போது காற்று அதைப் பிய்த்துவிடும். அப்புறம் டயர் வாரி இறைக்கும் தண்ணீரும் கல்லும் உள்ளே ஓடும் வயர்கள் மேல் நேராக அடிக்கும். நானே கழற்றிச் சரிசெய்துவிடலாம் என்று இறங்கினேன்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்தேன். சக்கர நட்டுகளை வண்டி தரையில் நிற்கும்போதே லேசாகத் தளர்த்திவிட வேண்டும். தூக்கிய பிறகு முயன்றால் சக்கரமும் கூடவே சுற்றும். கையேட்டில் காட்டிய இடத்தில் ஜாக்கி கொடுத்துத் தூக்கி, வண்டியைத் தாங்கி நிற்கும் ஸ்டாண்டின் மேல் இறக்கினேன். ஸ்டாண்ட் இல்லையென்றால் இந்த வேலையைத் தொடவே வேண்டாம். வெறும் ஜாக்கியை நம்பித் தலையை உள்ளே விடுவது உயிரோடு விளையாடுவது.

சக்கரத்தைக் கழற்றிய பிறகு, லைனரின் போல்ட்டுகள் சுலபமாக வந்துவிட்டன. பொறுமையைச் சோதித்தது கிளிப்புகள்தான். சில வகையில் நடு ஊசியை நெம்பி வெளியே இழுக்க வேண்டும், சிலவற்றில் உள்ளே அழுத்த வேண்டும். மண் அடைத்திருந்தால் இரண்டுமே அசையாது. தண்ணீர் அடித்துப் பழைய டூத் பிரஷால் தேய்த்த பிறகுதான் இளகின. அப்படியும் சில உடையும், அதனால் அதே அளவில் புதிய கிளிப்புகளை வாங்கி வைத்துக்கொண்டு தொடங்குவது நல்லது.

லைனரை இழுத்ததும் மண்ணும் மக்கிய இலையும் பொலபொலவென்று கொட்டின. மட்கார்டு கீழே முடிகிற மூலையில் அது திட்டாகக் குவிந்திருந்தது. மேலே காய்ந்த மண், விரலால் கிளறினால் உள்ளே ஈரம். அந்த ஈரம்தான் தகட்டைத் தின்கிறது. பனியை உருக்கச் சாலையில் உப்புத் தூவும் ஊர்களில் இன்னும் வேகமாகத் தின்னும். வெளியே பெயின்ட் கொப்பளித்து நமக்குத் தெரிய வரும்போது உள்ளே பெரும்பாலும் அரித்து முடிந்திருக்கும்.

மண்ணை வழித்துக் கழுவி, நீர் வடியும் துளையைக் குத்தித் திறந்தேன். துரு பிடித்த இடத்தை ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் தட்டிப் பார்த்தேன். கெட்டியான சத்தம், மேல்துருதான். ஓட்டை விழுந்திருந்தால் வெல்டிங் தெரிந்தவரிடம் போவதுதான் சரி, மேலே பூசி மறைக்கக் கூடாது. கம்பி பிரஷ், உப்புத்தாள் என்று தேய்த்து, துருவை மாற்றும் ரசாயனமான ரஸ்ட் கன்வெர்ட்டர் தடவினேன். துரு கறுத்து இறுகியது. நன்றாகக் காய விட்டு பிரைமர், பெயின்ட், கடைசியாக மெழுகுப் பூச்சு. ஒவ்வொன்றும் காயும்வரை காத்திருப்பதுதான் இதில் முக்கால்வாசி வேலை, அதை அவசரப்படுத்தினால் பூச்சு உரிந்து வந்துவிடும்.

லைனரில் ஒரு விரிசலும் இருந்தது. பெரும்பாலான லைனர்கள் பாலிப்ரொப்பிலீன் போன்ற பிளாஸ்டிக். சாதாரணப் பசை அதில் நிற்காது. விரிசல் மேலும் ஓடாமலிருக்க அதன் நுனியில் சின்னத் துளை போட்டு, இருபக்கமும் துளையிட்டு கேபிள் டை கோத்து இறுக்கினேன். டையின் முடிச்சு டயர் இல்லாத பக்கம் வர வேண்டும்.

மாட்டும்போது முதலில் மேல் கிளிப், பிறகு ஓரங்கள். சக்கரத்தின் வேகத்தை அளக்கும் ஏபிஎஸ் சென்சாரின் வயரும் பிரேக் ஹோஸும் எங்கும் நசுங்கவில்லை என்று பார்த்துக்கொண்டேன். சக்கரத்தை மாட்டி, நட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்கி, வண்டியை இறக்கிய பிறகு இறுக்கத்தை அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்சால் கையேட்டின் அளவுக்குக் கொண்டுவந்தேன். சுமார் 100 கிலோமீட்டர் ஓடியபின் இன்னொரு முறை சரிபார்த்தேன்.

ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பார்த்தாயிற்று, உரசல் இல்லை. எதிர்ப்பக்க லைனரில் கிளிப் ஒன்றுகூடப் போகவில்லை. இருந்தாலும் கழற்றினேன், அங்கேயும் அதே மூலையில் அதே ஈரமண்.