வில்லியம் கேலினின் மேற்கோள் கணக்கை வாசிப்பது எப்படி

ஒரு விஞ்ஞானி எவ்வளவு சாதித்திருக்கிறார் என்று கேட்டால், பலர் ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் கூகுள் ஸ்காலரைத் திறந்து எச்-இன்டெக்ஸைச் சொல்லிவிடுகிறார்கள். இயற்பியலாளர் ஹிர்ஷ் 2005இல் முன்வைத்த அளவு அது. எச்-இன்டெக்ஸ் 40 என்றால், குறைந்தது 40 முறையாவது மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் அவர் பெயரில் 40 இருக்கின்றன. அவ்வளவுதான். அந்த 40இல் ஒன்று 41 முறை காட்டப்பட்டதா, 4,000 முறை காட்டப்பட்டதா என்பது அந்த எண்ணில் தெரியாது.

பாஸ்டனில் உள்ள டேனா-ஃபார்பர் புற்றுநோய் நிறுவனத்தின் வில்லியம் கேலினை எடுத்துக்கொள்வோம். 2019 மருத்துவ நோபல் பரிசை பீட்டர் ராட்க்ளிஃப், கிரெக் செமன்சா ஆகியோருடன் பகிர்ந்துகொண்டவர். அவருடைய கட்டுரைகளை மேற்கோள் வரிசையில் அடுக்கினால் பெரிதாக ஒன்றும் புரியாது. ஆண்டு வரிசையில் அடுக்கிப் பாருங்கள்.

வி.எச்.எல். (வான் ஹிப்பெல்-லிண்டாவ்) என்பது சிறுநீரகம் முதலிய உறுப்புகளில் கட்டிகளை உண்டாக்கும் பரம்பரை நோய். பழுதானால் அந்த நோயைத் தரும், அதே பெயருள்ள மரபணுவைக் கண்டுபிடித்தவர் கேலின் அல்ல. 1993இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் முன்னின்ற குழு அதைப் பிரித்தெடுத்தது. 1995இல் கேலின் குழு, அந்த மரபணு பழுதான 786-ஓ என்ற சிறுநீரகப் புற்றுச் செல்களுக்குள் நல்ல மரபணுவைத் திரும்பச் செலுத்தியது. ஆய்வகத் தட்டில் அந்தச் செல்கள் வழக்கம்போலவே வளர்ந்தன. எலிக்குள் செலுத்தியபோதுதான் கட்டி உருவாவது அடங்கியது. தட்டோடு நிறுத்தியிருந்தால் 'விளைவு ஏதுமில்லை' என்றே முடிவு வந்திருக்கும். 1996 கட்டுரை அடுத்த படி: வி.எச்.எல். இல்லாத செல்கள், ஆக்சிஜன் தாராளமாக இருக்கும்போதும், அது இல்லாததுபோல நடந்துகொள்கின்றன. இந்த நோயின் கட்டிகளில் ரத்தக் குழாய்கள் மண்டிக்கிடப்பதற்கும், சில நோயாளிகளுக்குச் சிவப்பணு கூடிவிடுவதற்கும் காரணம் இதுதான்.

1999இல் ஆக்ஸ்ஃபோர்டின் ராட்க்ளிஃப் குழு, ஆக்சிஜன் குறையும்போது செல்லைத் தகவமைக்கும் ஹிஃப் என்ற புரதத்தை அழிவுக்கு அனுப்புவது வி.எச்.எல். மரபணு தரும் புரதம்தான் என்று காட்டியது. ஆக்சிஜன் இருப்பதை அது எப்படி அறிகிறது என்பதற்கு 2001 ஏப்ரல் சயின்ஸ் இதழில் விடை வந்தது: ஹிஃப்பில் உள்ள புரோலின் என்ற அமினோ அமிலத்தின் மீது ஆக்சிஜனைக் கொண்டு ஒரு ஹைட்ராக்சில் (ஆக்சிஜன்-ஹைட்ரஜன் இணை) ஏற்றப்படுகிறது, அதைப் பார்த்துத்தான் வி.எச்.எல். பிடிக்கிறது. 464ஆம் பக்கத்தில் கேலின் குழுவின் கட்டுரை, 468ஆம் பக்கத்தில் ராட்க்ளிஃப் குழுவின் கட்டுரை. இதை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டையும் சேர்த்தே மேற்கோள் காட்டுகிறார்கள். யாருக்கு எவ்வளவு பங்கு என்று எந்த இன்டெக்ஸும் பிரித்துச் சொல்லாது, பிரிக்கவும் தேவையில்லை.

என் கணிப்பில், வெளியே அதிகம் பேசப்படாத, கேலின் குழுவின் 2002, 2003 கட்டுரைகளுக்கும் இதே எடை உண்டு. சிறுநீரகப் புற்றை ஓட்டுவது ஹிஃப்பின் ஒரு வகையான ஹிஃப்-2தான், அதை அடக்கினாலே கட்டி அடங்கும் என்று அவை காட்டின. பிறகு டெக்சஸில் ஹிஃப்-2க்குள் மருந்து நுழையக்கூடிய ஒரு குழியைக் கண்டறிந்தார்கள். அதிலிருந்து வந்த பெல்சுடிஃபான் என்ற மருந்துக்கு 2021 ஆகஸ்டில் வி.எச்.எல். நோய்க்கும், 2023 டிசம்பரில் முற்றிய சிறுநீரகப் புற்றுக்கும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கட்டுரைக்கும் மருந்துக்கும் நடுவே ஏறத்தாழ 20 ஆண்டுகள். இரண்டே ஆண்டு மேற்கோள்களைப் பார்க்கும் இதழ்களின் இம்பாக்ட் ஃபேக்டர் இங்கே எதற்கு உதவும்?

சிறுநீரக மருத்துவத்தின் மறுபக்கத்தில் அதே வேதியியல் தலைகீழாகப் பயன்படுகிறது. ஹைட்ராக்சில் ஏற்றும் நொதியைத் தடுத்தால் ஹிஃப் நிலைத்து, சிவப்பணுக்களை உருவாக்கத் தூண்டும் எரித்ரோபொய்டின் என்ற ஹார்மோன் கூடும். நாட்பட்ட சிறுநீரக நோயில் வரும் ரத்தசோகைக்குத் தரும் மாத்திரைகள் இப்படித்தான் வேலை செய்கின்றன. அவற்றில் ஒன்றான சைடஸ் நிறுவனத்தின் டெசிடுஸ்டாட்டுக்கு இந்தியாவில் 2022இல் அனுமதி கிடைத்தது.

இனி எண்ணும்போது சறுக்கும் இடங்கள். பெயரே முதல் சிக்கல். கேலின் பெயருக்குப் பின்னால் வருவதுபோன்ற 'ஜூனியர்' என்ற ஒட்டு ஒருவரை இரண்டு ஆசிரியர்களாக்கிவிடும். நம் ஊர்க்காரர்களுக்கு இது இன்னும் மோசம்: இனிஷியல் ஒரு கட்டுரையில் முன்னால், இன்னொன்றில் பின்னால், மூன்றாவதில் அப்பா பெயராக விரிந்து குடும்பப் பெயராகிவிடும். ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனியாக உள்ள 16 இலக்க ஆர்கிட் அடையாள எண்ணை வைத்துத் தேடுவதே பாதுகாப்பு, அதுவும் அவர் அதைச் சரியாகப் பராமரித்திருந்தால். கூகுள் ஸ்காலர் முன்பதிப்புகளையும் (இதழில் வருமுன் இணையத்தில் இடப்படும் வடிவங்களையும்) சேர்த்துக்கொள்வதால் அதன் எண் ஸ்கோபஸ் என்ற மேற்கோள் தரவுத்தளத்தை விடப் பொதுவாகக் கூடுதலாக இருக்கும். இரண்டு பேரை ஒப்பிடும்போது ஒரே தரவுத்தளத்தையே பயன்படுத்துங்கள்.

மீள்பார்வைக் கட்டுரைகளையும், நூற்றுக்கணக்கானோர் கையெழுத்திட்ட கூட்டமைப்புக் கட்டுரைகளையும் தனியே எடுத்துவையுங்கள். 2013இல் நேச்சரில் வந்த தெளிசெல் வகைச் சிறுநீரகப் புற்றின் மரபணுத் தொகுப்பாய்வு அப்படியொன்று. மேற்கோள் குவியும், ஆனால் தனிநபர் பங்கு தெரியாது. மிஞ்சுவதில் அவர் முதல் ஆசிரியரா, கடைசி ஆசிரியரா என்று பாருங்கள். இந்தத் துறையில் கடைசி இடம் ஆய்வகத் தலைவருடையது.

அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு அமைப்பான என்.ஐ.எச். இலவசமாகத் தரும் ஐசைட் கருவியில், பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தளம் ஒவ்வொரு கட்டுரைக்கும் தரும் எண்களை ஒட்டினால், துறைக்கேற்பத் திருத்திய சார்பு மேற்கோள் விகிதம் வரும். 1 என்பது என்.ஐ.எச். நிதியில் வந்த கட்டுரைகளின் இடைநிலை அளவு (மீடியன்). புற்றுநோய்த் துறையின் கூட்டம் சிறுநீரகவியலுக்கு இல்லை என்பதால் இந்தத் திருத்தம் அவசியம். புதிய கட்டுரைகளின் விகிதத்தை மட்டும் உடனே நம்பிவிடாதீர்கள். சில மேற்கோள்களே அதை ஆட்டிவிடும். நான் முதலில் பார்ப்பது அதே கருவியில் உள்ள இன்னொரு எண்ணை: மருத்துவச் சோதனைகளும் வழிகாட்டு நெறிகளும் அந்தக் கட்டுரையை எத்தனை முறை எடுத்தாண்டிருக்கின்றன என்பது.