பரிமாறும் பக்கம்

சிறப்புப் பள்ளியில் வேலை பார்க்கும் எவருக்கும் பிறந்தநாள் சாப்பாட்டைத் தெரியும். பிறந்தநாள், திருமண நாள், திதி என்று யாராவது மதிய உணவுக்குப் பணம் கட்டுவார்கள். குடும்பத்தோடு வந்து பரிமாறி, போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். நல்ல மனிதர்கள். அந்தச் சாப்பாடு எங்களுக்குத் தேவையும்கூட. ஆனால் என் மாணவர்கள் ஆறு வயதிலும் இலைக்கு முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறார்கள், முப்பது வயதிலும் அங்கேயேதான். கரண்டி அவர்கள் கைக்கு வருவதில்லை.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 18 வயதுவரை இலவசக் கல்விக்கு வழி செய்கிறது. அதற்குப் பிறகு, அறிவுசார் குறைபாடோ ஆட்டிசமோ உள்ள பலருக்கு வீடும் டிவியும்தான் உலகம். காகிதக் கவர் ஒட்டவும் மெழுகுவத்தி ஊற்றவும் தொழிற்பயிற்சிப் பிரிவில் சொல்லித்தருகிறோம். வேலை சிலருக்குத்தான் அமைகிறது. மற்றவர்களுக்கும் ஊரில் ஓர் இடம் வேண்டும். ஒருநாள் வராவிட்டால், "ஏன் தம்பி வரலை?" என்று கேட்க வீட்டாரைத் தவிர ஓர் ஆள் வேண்டும். அதற்காகத்தான் இவர்களைத் தன்னார்வப் பணிக்கு அழைத்துப்போக ஆரம்பித்தோம்.

முதலில் கைகொடுத்தது ஓர் உழவாரப் பணிக் குழு. ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில்களில் புல் செதுக்கி, பிராகாரம் கழுவி, விளக்கு தேய்ப்பவர்கள். ஆட்டிசம் உள்ள எங்கள் இளைஞர் ஒருவருக்கு மணிச் சத்தம் ஆகாது. காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவிடுவார். குழுத் தலைவரிடம் சொன்னேன். "அதுக்கென்ன டீச்சர், விளக்கையெல்லாம் நந்தவனத்துக்குக் கொண்டுபோய்த் தேய்ப்போம்" என்றார். எத்தனையோ பயிற்சி வகுப்புகளில் நாங்கள் விளக்கிச் சொல்லும் விஷயம், அவருக்கு ஒரு நொடியில் பிடிபட்டுவிட்டது.

விளக்கு தேய்க்கும் வேலையைப் படிகளாகப் பிரித்தோம். எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பது, புளி போட்டுத் தேய்ப்பது, கழுவுவது, துணியால் துடைப்பது. ஒவ்வொரு படிக்கும் ஒரு பட அட்டை. கற்றுக்கொடுத்ததோ கடைசிப் படியிலிருந்து. முதல் மூன்றையும் நாங்கள் முடித்துவிட்டு, துடைப்பதை மட்டும் அந்த இளைஞரிடம் விட்டோம். விளக்கு பளிச்சென்று ஆவது அவர் கையில் நடக்கும். அது பழகியதும் கழுவுவதும் அவருடையது, பிறகு புளி. முதல் படியிலிருந்து தொடங்கியிருந்தால் பிசுக்கோடு போராடி, பலன் தெரியுமுன்பே எழுந்து போயிருப்பார். கூட நிற்பவர் மெல்ல மெல்லத் தள்ளி நிற்கவும் வேண்டும். எங்கள் பணியில் கடினமானது அதுதான், ஏனென்றால் கை தானாக உதவிக்குப் போகும்.

எல்லாருக்கும் கோயில் பிடிக்காது. முதியோர் இல்லம், நாற்றங்கால், நூலகம் என்று புகைப்படங்களை முன்னால் வைத்து எடுக்கச் சொல்வோம். டவுன் சிண்ட்ரோம் உள்ள ஒரு பெண் எல்லாப் படத்தையும் தள்ளிவிட்டார். "வேணாம்" என்பதும் பதில்தான் என்று விட்டுவிட்டோம். சில மாதம் கழித்து அவராகவே முதியோர் இல்லப் படத்தை எடுத்துவந்தார். இப்போது அங்கே பந்தியில் அவர்தான் தண்ணீர் ஊற்றுகிறார். "அவளுக்கே ஒருத்தர் செய்யணும், அவ போய் யாருக்கு டீச்சர் செய்யப்போறா?" என்று கேட்ட அவர் அம்மா, போக வேண்டிய நாளில் தானே தலை பின்னி ஆட்டோவில் ஏற்றிவிடுகிறார்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கறாராக இருக்கிறேன். ஒரு உணவகத்திலிருந்து, "உங்க பசங்களைத் தன்னார்வலரா அனுப்புங்க, பாத்திரம் கழுவட்டும், அனுபவமாச்சு" என்று கேட்டார்கள். அதே தொட்டியருகே சம்பளத்துக்குக் கழுவுகிறவர் நின்றுகொண்டிருந்தார். மற்றவர்கள் சம்பளமின்றிச் செய்யும் இடத்தில்தான் எங்கள் பிள்ளைகளும் சம்பளமின்றிச் செய்வார்கள். அவருக்குத் தரும் கூலியை இவர்களுக்கும் தருவதாக இருந்தால் மறுநாளே இருவரை அழைத்துவருகிறேன் என்றேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்கள். இன்னும் சொல்லவில்லை. நான் மறுபடியும் கேட்கப் போவேன்.