வைமர்: கதேவைத் தேடிப் போனேன், கிறிஸ்டியானேவைப் பார்த்துட்டு வந்தேன்

ஃப்ராங்க்பர்ட்ல இருந்து, ஜெர்மன் கவிஞர் கதே வாழ்ந்த வைமருக்கு ஐசிஇ அதிவேக ரயில்ல போனா சீக்கிரம் போயிடலாம்தான், ஆனா கடைசி நேரத்துல டிக்கெட் விலையைப் பார்த்தா வயிறு எரியுது. ரீஜனல் ட்ரெயின்ல செல்லற டாய்ச்லாண்ட் டிக்கெட் பாஸுக்கு மாசாமாசம் காசு கட்டிட்டு இருக்கோமே, அதுலயே போவோம்னு ரீஜனல் ட்ரெயின் புடிச்சோம் நானும் ஃப்ரெண்டும். ஃபுல்டால மாறணும், பெப்ரால மாறணும், ஐசெனாக்ல மாறணும். பெப்ரால எங்க ட்ரெயின் கேன்சல். போர்டுல ஒரு வரி ஓடுது, அவ்வளவுதான், ஏன் எதுக்குன்னு சொல்ல ஆள் இல்ல. காத்து அடிக்குது, வெயிட்டிங் ரூம் பூட்டியிருக்கு, டாய்லெட்டுக்கு சில்லறை கேக்குது. காசு குடுத்து பாஸ் வாங்குறவங்கள இப்படி பிளாட்ஃபார்ம்ல நிக்க வைக்கிறது அநியாயம், இதை நான் எங்க வேணாலும் சொல்வேன்.

வைமர் சின்ன ஊர், எல்லாமே நடந்தே பார்த்துடலாம், டாக்ஸி வேண்டவே வேண்டாம். மார்க்கெட் சதுக்கத்துல கரி அடுப்புல சுடுற துரிங்கியன் பிராட்வுர்ஸ்ட், அதைப் பத்தி கண்டிப்பா எழுதணும். பன்னு உள்ளங்கை அளவு, சாஸேஜ் ரெண்டு பக்கமும் வெளிய நீட்டிக்கிட்டு இருக்கு, தோல் லேசா கருகி வெடிச்சு கொழுப்பு சொட்டுது, உள்ள மார்ஜோரம் வாசனை, மேல கடுகு பேஸ்ட். கெட்சப் கேக்காதீங்க, கடைக்காரர் முகம் மாறிடும். சாயங்காலம் ஒரு ரெஸ்டாரண்ட்ல உக்காந்து க்ளோஸ்ங்கற உருளைக்கிழங்கு உருண்டையும் சிவப்பு முட்டைக்கோஸும் சாப்பிட்டோம், சாப்பாடு அருமை, ஆனா முக்கால் லிட்டர் தண்ணி பாட்டிலுக்கு போட்ட பில்லு இருக்கே, அதுல மதியம் இன்னும் ஒரு பிராட்வுர்ஸ்ட் சாப்பிட்டிருக்கலாம்.

சரி, எதுக்கு போனேன்னு சொல்லணுமே. சென்னைல மேக்ஸ் முல்லர் பவன்ல ஜெர்மன் படிச்ச காலத்துல எங்க டீச்சர் ஒருத்தங்க போர்டுல எழுதிப் போட்ட வரி, கதேவோட டார்குவாட்டோ டாசோ நாடகத்துல வர்றது: திறமை அமைதியில உருவாகும், குணம் உலகத்தோட நீரோட்டத்துல உருவாகும். அப்போ இருந்து மனசுல ஒட்டிக்கிச்சு. இதை எழுதின மனுஷன் வாழ்ந்த வீட்டைப் பார்க்கணும்னு ரொம்ப நாள் ஆசை.

ஃப்ராவன்ப்ளான் சதுக்கத்துல மஞ்சள் கலர் வீடு. 1775-ல வைமருக்கு வந்தவர், 1832-ல சாகற வரைக்கும் கிட்டத்தட்ட அம்பது வருஷம் இந்த வீட்லதான் இருந்தார். மாடிப்படி ஏறினதும் வாசல் தரையிலயே ‘சால்வே’ன்னு லத்தீன்ல வரவேற்பு எழுதியிருக்கு. முன்பக்க ரூம்லாம் விருந்தாளிங்களுக்கு காட்டுறதுக்குன்னே செஞ்ச மாதிரி, ஒவ்வொண்ணும் ஒரு கலர், 1810-ல நிறங்களைப் பத்தி தனியா ஒரு பெரிய நூலே போட்டவராச்சே. ஜூனோ ரூம்ல ரோமானிய தெய்வம் ஜூனோவோட பிரம்மாண்டமான வெள்ளைத் தலைச் சிலை ஒண்ணு. கல்லு மட்டும் 18,000-க்கு பக்கத்துல சேர்த்து வச்சிருந்தாராம், சுரங்க வேலையையும் கவனிச்ச மந்திரி இல்லையா.

ஆனா நான் நின்ன இடம் பின்பக்கம். தோட்டத்தைப் பார்த்த மாதிரி அவர் எழுதற ரூம். உள்ள விட மாட்டாங்க, வாசல்ல நின்னுதான் பார்க்கணும். நடுவுல மர மேசை, மர நாற்காலி, சோஃபா கிடையாது. சொகுசா இருந்தா எனக்கு யோசனை ஓடாதுன்னு தன்னோட உதவியாளர் எக்கர்மன்கிட்ட அவரே சொல்லியிருக்கார். பக்கத்துல ஒரு சின்ன படுக்கையறை, கட்டில் பக்கத்துல கை வச்ச நாற்காலி, அதுல உக்காந்த நிலைமையிலதான் உயிர் போச்சு. முன்னாடி அவ்வளவு ஆடம்பரம், வேலை செய்யற இடத்துல ஒண்ணும் இல்ல. இதைப் பார்த்தப்புறம் அந்த வரியோட முதல் பாதி எனக்கு நல்லாவே புரிஞ்சுது.

ரெண்டாவது பாதிக்கு சொந்தக்காரி கதேவோட மனைவி கிறிஸ்டியானே வுல்பியுஸ்தான்னு அடிச்சு சொல்வேன். செயற்கைப் பூ செய்யற பட்டறையில வேலை பார்த்த ஏழைப் பொண்ணு. 1788-ல அண்ணனுக்கு உதவி கேட்டு மனு குடுக்க இல்ம் பூங்காவுல கதேவைப் பார்க்க வந்தா, அப்போ இருந்து சேர்ந்துட்டாங்க. அடுத்த வருஷமே பையன் பொறந்தான், அப்புறம் பொறந்த குழந்தைங்க எதுவும் தங்கல. கல்யாணம் மட்டும் நடக்கல. ஒரு வருஷம் ரெண்டு வருஷம் இல்லங்க, 18 வருஷம்! ஊரு பெரிய மனுஷங்க வீட்டம்மாங்க இவளை வாசப்படி ஏத்தல, வாய்க்கு வந்தபடி பேசினாங்க. வீட்டு வேலை, தோட்டம், வர்றவன் போறவனுக்கு சாப்பாடு எல்லாம் இவ கையில, முன்பக்க ரூம்ல பெரிய ஆளுங்களோட கதே மட்டும்.

1806 அக்டோபர் 14, யேனா போர்ல பிரஷ்யா தோத்து, ராத்திரி பிரெஞ்சு சிப்பாய்ங்க வைமரைக் கொள்ளையடிச்சாங்க. ரெண்டு பேர் குடிச்சுட்டு கதேவோட படுக்கையறை வரைக்கும் வந்துட்டாங்க. உலகமே கும்பிடற கவிஞர் அங்க தடுமாறி நிக்க, குறுக்க போய் நின்னு சத்தம் போட்டு ஆள் கூப்பிட்டு அவனுங்கள விரட்டினது கிறிஸ்டியானே. அஞ்சே நாள்ல, 19-ம் தேதி, யாகோப் சர்ச்சுல கல்யாணம். மோதிரத்துல போட்ட தேதி கல்யாணத் தேதி இல்ல, அந்த 14-ம் தேதி. ஊர்ல அப்பவும் முகம் சுளிச்சாங்க. தத்துவவாதி ஷோபன்ஹாவரோட அம்மா யொஹான்னாதான் முதல்ல வீட்டுக்குக் கூப்பிட்டாங்க, கதே தன் பேரையே குடுக்கறாரு, நாம ஒரு கப் டீ குடுக்கக் கூடாதான்னு கேட்டாங்களாம். அந்தம்மாவுக்கு ஒரு சல்யூட்.

இதைச் சொன்னதும் ஃப்ரெண்டுக்கு கோவமே வந்துடுச்சு. “ஏண்டி, அப்போ உயிரைக் காப்பாத்தினப்புறம்தான் தாலியா?” அவ கேட்டதுல என்ன தப்பு?

கதே மேல எனக்கு மரியாதை நிறைய இருக்கு, அதனாலயே இன்னொண்ணும் சொல்லணும். ‘மனுஷன் உயர்ந்தவனா, உதவறவனா, நல்லவனா இருக்கட்டும்’னு அவர் எழுதின வரி ஜெர்மனில பள்ளிக்கூடப் பசங்களுக்குக் கூட தெரியும். அது 1783. அதே வருஷம் பெத்த குழந்தையைக் கொன்ன யொஹான்னா ஹோன்ங்கற வேலைக்காரப் பொண்ணோட வழக்கு வந்தப்போ, இந்தக் குத்தத்துக்கு மரண தண்டனை தொடரட்டும்னு கருத்து சொன்ன சபை உறுப்பினர்கள்ல அவரும் ஒருத்தர். நவம்பர்ல அந்தப் பொண்ணுக்கு தலை வெட்டி தண்டனை. தன்னோட ஃபாவுஸ்ட் நாடகத்துல இதே நிலைமைல இருக்கற க்ரெட்சன்ங்கற பொண்ணுக்காக நம்மள அழ வச்சதும் இவர்தான். அவரோட பொன்மொழியை பூ போட்டோ மேல ஒட்டி காலை வணக்கம் அனுப்பறவங்க இதையும் தெரிஞ்சுக்கணும். ‘முயற்சி பண்ற வரைக்கும் மனுஷன் தப்பு பண்ணிக்கிட்டேதான் இருப்பான்’னு ஃபாவுஸ்ட்ல எழுதினவர் அதை சும்மா எழுதலன்னு தோணுது.

ஊருக்கு வெளிய எட்டு கிலோமீட்டர்ல எட்டர்ஸ்பெர்க் குன்று, அங்க நாஜிங்க கட்டின புகன்வால்ட் வதைமுகாம். 6-ம் நம்பர் பஸ் போகுது, நுழைவு இலவசம். கதே வீட்டைப் பார்த்துட்டு இதைத் தவிர்த்துட்டு வர்றது சரியே இல்ல. காட்டை வெட்டி முகாம் கட்டினப்போ ‘கதே ஓக்’னு ஒரு மரத்தை மட்டும் விட்டு வச்சாங்க, 1944 ஆகஸ்ட் குண்டுவீச்சுல அது எரிஞ்சு போச்சு, அடிக்கட்டை இன்னும் இருக்கு. 56,000 பேர் செத்த இடம். அதுக்கு மேல அங்க எனக்குப் பேச்சு வரல.

யாகோப் சர்ச் கல்லறைக்கு டிக்கெட் கிடையாது, கூட்டமும் கிடையாது. கதேவும் அவரோட நண்பர் கவிஞர் ஷில்லரும் கையில மாலையோட நிக்கற சிலை முன்னாடி செல்ஃபி எடுக்க க்யூ நிக்குது, இங்க நாங்க ரெண்டு பேர்தான். அதே சர்ச்சுல கல்யாணம், அதே வளாகத்துலதான் கிறிஸ்டியானே புதைக்கப்பட்டிருக்கா. 1816 ஜூன்ல கடுமையா வலிப்பட்டு செத்தா, கதே அடக்கத்துக்குப் போகல. ஆனா அவ செத்த அன்னிக்கு அவர் எழுதின நாலு வரி அவ கல்லறைக் கல்லுல இருக்கு: சூரியனே, இருண்ட மேகத்தைத் தாண்டி ஒளிர வீணா முயற்சி பண்றே, என் வாழ்க்கையோட லாபமெல்லாம் அவ இழப்பை நினைச்சு அழறதுதான். கல்லு சாதாரணமா இருக்கு, எழுத்தைக் கிட்ட குனிஞ்சுதான் படிக்கணும்.

போறவங்க கதே வீட்டுக்கு முன்னாடியே இங்க போயிட்டு வாங்க, அந்த வீட்ல கிறிஸ்டியானேவோட ரூம்களை யாரும் அவசரமா தாண்டிப் போக மாட்டீங்க. திங்கட்கிழமை மியூசியம் லீவு, அதையும் பார்த்துக்கோங்க. அன்னா அமாலியா நூலகத்துக்கு டிக்கெட் முன்கூட்டியே போட்டுடுங்க, 2004-ல தீப்பிடிச்சு அம்பதாயிரம் புத்தகம் போச்சு, மூணே வருஷத்துல திருப்பிக் கட்டிட்டாங்க, ஹால் அவ்வளவு அழகு.

அடுத்து போக நினைக்கற ஊர் இல்மெனாவ். கிக்கெல்ஹான் மலை மேல மரக்குடிசைச் சுவத்துல 1780-ல அவர் எழுதின எட்டு வரிக் கவிதை, 51 வருஷம் கழிச்சு கடைசி பிறந்தநாளுக்கு முதல் நாள் திரும்பப் போய் படிச்சு அழுதிருக்கார். பழைய குடிசை எரிஞ்சு போய் புதுசா கட்டினதுதான் இப்போ இருக்கு. அவர் கையெழுத்துல இருக்கற ‘G’ எழுத்தையே அடையாளமா போட்டு இருபது கிலோமீட்டர் நடைபாதை இருக்கு. ஃப்ராங்க்பர்ட் பக்கம் இருக்கறவங்க யாராவது சேர்ந்து நடக்க வர்றீங்களா, சொல்லுங்க, இலையுதிர் காலத்துல போலாம்.