நுரையீரல் கொள்ளளவு: நான்கு கட்டம் போட்டால் போதும்

நீட்டுக்குப் படிக்கிறவர்கள் சுவாசப் பாடத்தில் மிரள்வது அந்த மி.லி. கணக்கைப் பார்த்துத்தான். நான்கு வால்யூம், ஐந்து கெபாசிட்டி. ஒன்பதையும் உருப்போட்டால் தேர்வு அறையில் ஒன்றோடொன்று கலந்துவிடும். படிக்க வேண்டியது நான்குதான்.

ரஃப் தாளில் கீழிருந்து மேலாக நான்கு கட்டம் போடுங்கள். அடியில் ஆர்வி (எவ்வளவு ஊதினாலும் உள்ளேயே தங்கிவிடும் காற்று), 1100–1200 மி.லி. அதன் மேல் ஈஆர்வி (சாதாரணமாக மூச்சை விட்ட பிறகும் வலிந்து வெளியேற்றக்கூடிய காற்று), 1000–1100. அதற்கு மேல் டிவி (சாதாரண மூச்சு ஒன்றில் போய்வரும் காற்று), 500. உச்சியில் ஐஆர்வி (சாதாரண மூச்சுக்கு மேலும் வலிந்து இழுக்கக்கூடிய காற்று), 2500–3000. கெபாசிட்டி எல்லாம் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களின் கூட்டல்தான். மேல் இரண்டு உட்சுவாசத் திறன், நடு இரண்டு வெளிச்சுவாசத் திறன், கீழ் இரண்டு எஃப்ஆர்சி (செயல்பாட்டு எஞ்சிய கொள்ளளவு), அடிக்கட்டத்தை விட்டு மற்ற மூன்றும் உயிர்ப்புத் திறன், நான்கும் சேர்ந்தால் மொத்தக் கொள்ளளவு.

கட்டங்களின் வரிசை மறந்துபோனால் உங்கள் மூச்சையே கேளுங்கள். சாதாரணமாக மூச்சை விட்டுவிட்டு, அப்படியே நிறுத்தி, வயிற்றை இறுக்கி இன்னும் தள்ளுங்கள். அப்போது வருகிற காற்றுதான் ஈஆர்வி. அதற்கு மேல் ஒரு துளியும் வராது என்ற நிலையிலும் உள்ளே தங்கியிருப்பது ஆர்வி. தேர்வு அறையில் சத்தமில்லாமல் செய்யுங்கள், கண்காணிப்பாளர் பயந்துவிடப் போகிறார்!

‘சாதாரண வெளிச்சுவாசத்துக்குப் பின் நுரையீரலில் மிஞ்சும் காற்று எவ்வளவு?’ என்று கேட்டால் பலர் யோசிக்காமல் ஆர்வி என்று போட்டுவிடுகிறார்கள். ‘சாதாரண’ என்றால் ஈஆர்வியும் உள்ளேயே இருக்கிறது. ஆக விடை எஃப்ஆர்சி, 2100–2300. அதே கேள்வியில் ‘வலிந்து வெளிவிட்ட பின்’ என்று இருந்தால்தான் ஆர்வி.

இதைவிட நுணுக்கமான ஜோடி ஒன்று பழைய வினாத்தாள்களில் இருக்கிறது. 2017இல், வலிந்து மூச்சை வெளிவிட்ட பிறகும் காற்றுப்பைகள் சுருங்கிவிடாதது ஏன் என்று கேட்டார்கள், விடை ஆர்வி. 2016இல் கிட்டத்தட்ட அதே கேள்விக்கு விடை, நுரையீரல் சுவரை வெளிப்புறமாக இழுக்கும் ப்ளூரா (நுரையீரலைச் சுற்றியுள்ள இரட்டைச் சவ்வு) இடைவெளியின் எதிர்மறை அழுத்தம். இரண்டையும் அடுத்தடுத்து வைத்து, ஆப்ஷன்களோடு சேர்த்துப் படியுங்கள். 2018இல் வந்தது நேரடியான பொருத்துக. கட்டம் போட்டவருக்கு அரை நிமிட வேலை.

அப்புறம் ஸ்பைரோமீட்டர். ஊதி வெளியே வரும் காற்றைத்தான் அது அளக்கும். ஆர்வி வெளியே வருவதே இல்லை. அதனால் ஆர்வி சேர்ந்த எஃப்ஆர்சி, மொத்தக் கொள்ளளவு இரண்டையும் அதைக் கொண்டு மட்டும் அளக்க முடியாது. மருத்துவமனைகளில் ஹீலியம் கலந்த காற்றைச் சுவாசிக்கவைத்துக் கணக்கிடும் முறை உண்டு. உங்கள் படத்தில் அடிக்கட்டத்தை மட்டும் பென்சிலால் நிழலிட்டுவிடுங்கள். நிழல் விழுந்த கூட்டல் எதுவோ, ‘ஸ்பைரோமீட்டரால் அளக்க முடியாதது எது?’ என்ற கேள்விக்கு அதுதான் விடை.