எதை வைத்து இந்தப் பயம்?

புகலிடம் கேட்டு வருகிறவர்கள் தமிழில் சொல்வதை ஆங்கில வாக்குமூலமாக எழுதிக்கொடுப்பது என் வேலை. சேர்ந்த புதிதில் ஓர் அம்மாவுக்கு எழுதியபோது, அவருக்கு 'எக்ஸ்ட்ரீம்லி வெல்-ஃபவுண்டட் ஃபியர்', அதாவது மிக மிகத் தக்க காரணமுள்ள பயம், இருக்கிறது என்று போட்டேன். பேசும்போது அவர் கை நடுங்கியதைப் பார்த்திருந்தேன். வெறும் 'வெல்-ஃபவுண்டட்' போதாது என்று பட்டது. வழக்கறிஞர் 'எக்ஸ்ட்ரீம்லி'யை அடித்துவிட்டு, ஓரத்தில் ஒரே கேள்வி எழுதித் திருப்பி அனுப்பினார்: எதை வைத்து?

'ஃபவுண்டட்' என்பது அஸ்திவாரம் போடுவதிலிருந்து வந்த சொல். 'ஃபவுண்டேஷ'னும் அதே குடும்பம்தான். பயம் எவ்வளவு பெரிது என்று அது சொல்வதே இல்லை. பயம் எதன்மேல் நிற்கிறது என்றுதான் கேட்கிறது. 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில், யார் அகதி என்று வரையறுக்கும் இடத்திலேயே 'வெல்-ஃபவுண்டட் ஃபியர்' என்ற இந்தத் தொடர் இருக்கிறது. அதற்காக, ஆபத்து நடந்தே தீரும் என்று நிரூபிக்க வேண்டியதும் இல்லை. 1987-இல் கார்டோசா-ஃபொன்சேகா வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பத்து சதவீத வாய்ப்புதான் இருக்கிறது என்பதற்காக ஒருவரின் பயத்தைத் தள்ளிவிட முடியாது என்றது.

அந்த அம்மாவிடம் மறுபடி போய் உட்கார்ந்தேன்.

"முதன்முதல்ல எப்பம்மா பயந்தீங்க?"

"ராத்திரி கதவைத் தட்டி அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க. வீட்ல கூப்பிடுற பேரும்மா அது. வெளியில ஒருத்தருக்கும் தெரியாது."

கணவர் ஓர் ஊர்வலத்தில் பேசிய மூன்றாம் நாள் அது. முதல் வரைவில் இந்தப் பெயர் விஷயம் இல்லவே இல்லை. நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மூன்று பக்கம் முழுக்கப் பயம், பயம் என்றே எழுதியிருந்தேன்.

எழுத்திலும் கவனம் வேண்டும். 'வெல்-ஃபவுண்டட்' என்பது 'ஃபியர்' என்ற சொல்லுக்கு முன்னால் வரும்போது இணைப்புக்கோடு உண்டு. 'ஹர் ஃபியர் இஸ் வெல் ஃபவுண்டட்' என்று பின்னால் வந்தால் கோடு வேண்டாம் என்று பல நடைக் கையேடுகள் சொல்கின்றன. கடைசி 'எட்'டை விட்டு 'வெல்-ஃபவுண்ட்' என்று எழுதினால் பொருளே மாறிவிடும். வேண்டிய சாமான்கள் எல்லாம் உள்ள கப்பலுக்குச் சொல்வது அது. தமிழில் 'நன்கு நிறுவப்பட்ட அச்சம்' என்று சிலர் எழுதுவது எனக்கு ஒப்பவில்லை. யாரோ அச்சத்தைக் கட்டி எழுப்பியதுபோல் இருக்கிறது. 'தக்க காரணமுள்ள அச்சம்' என்றால் படிக்கிறவர் உடனே காரணத்தைத் தேடுவார்.

இரண்டாவது வரைவில் கதவு தட்டப்பட்ட இரவை முதல் பத்தியில் வைத்தேன். அந்தத் தொடர் ஒரே ஒரு முறை, கடைசியில் வந்தது. கையெழுத்துக்கு முன் முழுவதையும் தமிழில் திருப்பிச் சொன்னேன். வீட்டுப் பெயர் வந்த இடத்தில் அந்த அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தி, அதில் ஓர் எழுத்தைத் திருத்தச் சொன்னார்.