சந்தா கேட்பதில் தவறில்லை

ஒரே துறையில் ஈடுபாடுள்ள சில நூறு பேரோ சில ஆயிரம் பேரோ கூடிப் பேசும் இணையத் தளங்கள் தம் உறுப்பினர்களிடம் சந்தா வாங்கலாமா என்ற பேச்சு எழும்போதெல்லாம், எல்லாமே இலவசமாகக் கிடைக்கிற இணையத்தில் இதற்கு மட்டும் ஏன் பணம் தர வேண்டும் என்ற கேள்விதான் முதலில் வந்து நிற்கிறது. வாங்கலாம் என்பது மட்டுமல்ல, வேறு நிலையான வருமானம் இல்லாத தளங்கள் வாங்கியே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அந்தப் பணம் தளத்தில் உறுப்பினராக இருந்து பேசுவதற்கானதாக இருக்க வேண்டுமே தவிர, அங்கே உள்ளதைப் படிப்பதற்கான நுழைவுச்சீட்டாக இருக்கக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

சர்வர் வாடகை அப்படி எவ்வளவு ஆகிவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. எழுத்தை மட்டுமே தாங்கும் சிறிய தளத்துக்கு அது உண்மையிலேயே பெரிய தொகை அல்ல. பெரிய செலவு ஆட்களின் நேரம். உறுப்பினர்களின் பதிவுகளைக் கண்காணித்து ஒழுங்குபடுத்தும் ஒரு மட்டுறுத்துநர் அன்றாடம் பார்க்கும் வேலையை எண்ணிப் பாருங்கள். இரவோடு இரவாகப் பதிவாகியிருக்கும் போலிக் கணக்குகளை இனங்கண்டு நீக்க வேண்டும். எப்போதோ முடிந்துபோன பழைய உரையாடல் ஒன்றில் 'அருமையான தகவல், நன்றி' என்று எழுதி, அந்த நன்றிக்குள் சூதாட்டத் தளத்தின் சுட்டியை ஒளித்து வைத்திருப்பவரைக் கண்டுபிடிக்க வேண்டும். பல ஆண்டுகளாக உடனிருக்கும் இரண்டு உறுப்பினர்களுக்குள் மூண்ட சண்டையில், இரு தரப்பு முறையீடுகளையும் பொறுமையாகப் படித்து, யாருடைய பதிவை எடுப்பது என்று முடிவு செய்து, எடுக்கப்பட்டவரின் கோபத்தையும் தாங்கிக்கொள்ள வேண்டும். இதற்கு நடுவில் தளத்தின் மென்பொருளில் பாதுகாப்புக் குறை இருப்பதாக அறிவிப்பு வந்தால் அதை அன்றே சரிசெய்தாக வேண்டும். இவ்வளவையும் ஊதியம் இல்லாமல் செய்துவருபவருக்கு வேலை மாறினாலோ, குழந்தை பிறந்தாலோ, வீட்டில் பெரியவர்களுக்கு உடம்புக்கு முடியாமல் போனாலோ, தளம் கவனிப்பாரற்றுப் போகிறது. சிறு தளங்கள் பலவும் கடனில் மூழ்கி அழியவில்லை, நடத்தியவர் களைத்துப்போனதால்தான் அழிந்தன என்றே நினைக்கிறேன்.

இலவசத்துக்குக் கொடுக்கும் விலை என்ன என்பதற்குத் தமிழ் வாசகர்களுக்கு, மின்னஞ்சல் வழியே கூடிப் பேச யாஹூ நிறுவனம் இலவசமாகத் தந்த யாஹூ குழுமங்களைவிட வேறு சான்று வேண்டியதில்லை. மரத்தடி, ராயர் காபி கிளப் போன்ற குழுமங்களில் எழுதிப் பழகியவர்கள் எத்தனையோ பேர். அங்கே யாரும் சந்தா கட்டவில்லை. 2019 அக்டோபரில் யாஹூ நிறுவனம், குழுமங்களில் ஆண்டுக்கணக்காகச் சேர்ந்திருந்த மடல்களையும் கோப்புகளையும் அழிக்கப்போவதாக அறிவித்தபோது, 'நாங்கள் உங்கள் வாடிக்கையாளர்கள்' என்று சொல்லி நிறுத்தக்கூடிய நிலையிலும் யாரும் இல்லை. 2020 டிசம்பரில் அந்தச் சேவையே மூடப்பட்டது. இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. யாஹூ குழுமங்களுக்கு வேராக இருந்த சேவைகளுள் ஒன்றான ஒன்லிஸ்ட்டை 1990-களின் பிற்பகுதியில் தொடங்கியவர் மார்க் ஃப்ளெட்சர். அது ஈகுரூப்ஸ் என்ற மற்றொரு குழுமச் சேவையுடன் இணைந்து, 2000-இல் யாஹூவின் கைக்குப் போனது. அதே ஃப்ளெட்சர் 2014-இல் குரூப்ஸ்.ஐஓ என்ற புதிய சேவையைத் தொடங்கியபோது, விளம்பரமே வேண்டாம் என்று விட்டுவிட்டுப் கூடுதல் வசதிகள் வேண்டும் குழுமங்களிடம் கட்டணம் வாங்கும் வழியைத் தேர்ந்தெடுத்தார். யாஹூவிலிருந்து கிளம்ப நேர்ந்த குழுமங்களில் பல அங்கேதான் குடியேறின.

சந்தாவைப் பற்றி யோசிக்கும் எவரும் மெட்டாஃபில்டரின் வரலாற்றை ஊன்றிப் படிக்க வேண்டும். இணையத்தில் கண்ட நல்ல சுட்டிகளை உறுப்பினர்கள் பகிர்ந்து விவாதிப்பதற்காக மேட் ஹாகி 1999-இல் தொடங்கிய அந்த அமெரிக்கத் தளம், கூட்டம் தாங்காமல் புதிய பதிவுகளை நிறுத்தி வைத்திருந்து, 2004 நவம்பரில் மீண்டும் கதவைத் திறந்தபோது, சேருகிறவர் ஒரே ஒருமுறை 5 டாலர் கட்ட வேண்டும் என்று வைத்தது. அங்கே ஒரே ஒரு கணக்கு வைத்துக்கொள்ளும் நேர்மையான மனிதருக்கு அது 5 டாலர். ஆயிரம் போலிக் கணக்குகள் தொடங்க நினைப்பவருக்கு அது 5,000 டாலர். பணம் கட்டிச் சேர்ந்தவர், பேசத் தொடங்கும் முன் அந்த இடத்தின் பழக்கவழக்கங்களைச் சற்று நின்று கவனிக்கிறார் என்பதும் உண்மை. ஆனால் அந்த 5 டாலர் வாசலைக் காத்ததே தவிர, ஊழியர்களுக்குச் சம்பளம் தரவில்லை. சம்பளத்தில் பெரும்பகுதி கூகுள் தேடல் வழியாக வந்துபோகும் முன்பின் தெரியாதவர்கள் பார்த்த விளம்பரங்களிலிருந்து வந்தது. 2012 நவம்பரில் கூகுளின் தேடல் வரிசையில் அத்தளம் சட்டென்று கீழே இறங்கியது, வருமானமும் உடன் சரிந்தது. 2014-இல் ஊழியர்கள் சிலரை வேலையிலிருந்து அனுப்ப வேண்டியிருந்தது. அதன் பிறகுதான், உறுப்பினர்கள் மாதந்தோறும் தாமாக அனுப்பும் தொகை தளத்தைத் தாங்கும் தூண்களில் ஒன்றானது. சேர்ந்த நாளன்று ஒருமுறை வாங்கும் பணம் வேறு, ஆண்டுதோறும் வந்துகொண்டிருக்கும் பணம் வேறு. முன்னதை வைத்துக்கொண்டு பின்னது இருப்பதாக எண்ணிவிடக் கூடாது.

தொடர் சந்தாவை எப்படி வைப்பது என்பதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த எடுத்துக்காட்டு, லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்தில் ஈடுபாடுள்ளவர்களுக்கான எல்.டபிள்யூ.என். செய்தித் தளம். 1998-இல் தொடங்கிய அது, விளம்பர வருமானம் வற்றிப்போய் 2002-இல் மூடும் நிலைக்கு வந்தது. செய்தியறிந்த வாசகர்கள் தாமாகவே பணம் அனுப்பத் தொடங்க, அந்த ஆண்டு அக்டோபரில் சந்தா முறை வந்தது. சந்தாதாரருக்கென்று வெளிவரும் கட்டுரை, ஒரு வாரம் கழித்து எல்லாருக்கும் திறந்துவிடப்படுகிறது. அதற்கு முன்பே ஒரு நண்பருக்குக் காட்ட விரும்பினால், சந்தாதாரர் இலவசச் சுட்டி ஒன்றை உருவாக்கிக் கொடுக்கலாம். 'பட்டினி ஹேக்கர்', 'தொழில்முறை ஹேக்கர்', 'திட்டத் தலைவர்' என்று சந்தாவில் படிகள் உண்டு. எந்தப் படியில் இருந்தாலும் படிக்கக் கிடைக்கும் கட்டுரைகள் ஒன்றேதான். தன் வசதிக்கு எது பொருந்தும் என்று உறுப்பினரே தன் மனச்சாட்சிப்படி முடிவு செய்துகொள்கிறார். ஆட்களை நம்பி வைத்த இந்த முறை 20 ஆண்டுகளுக்கு மேல் தாக்குப்பிடித்து நிற்கிறது என்பது எனக்குப் பெரும் மகிழ்ச்சி தருகிறது.

எல்லாத் தளங்களுக்கும் இதையே விதியாக்க முடியாது. பின்னல் வேலை செய்பவர்களுக்காக 2007-இல் தோன்றிய ராவெல்ரி இலவசமாகவே நடக்கிறது. நூல் விற்கும் சிறு வணிகர்களின் விளம்பரமும், பின்னல் வடிவங்களின் விற்பனையில் கிடைக்கும் பங்கும் அதற்கு வருமானம். அங்கே வருபவர்கள் அந்த விளம்பரங்களைப் பார்க்க விரும்புகிறவர்கள். புத்தகப் பிரியர்களின் லைப்ரரிதிங் தளம் 200 புத்தகங்களுக்கு மேல் பட்டியலிட ஆண்டுக்கு 10 டாலர் வாங்கிவந்தது. நூலகங்களுக்குச் சேவை விற்று வருமானம் நிலைத்த பிறகு, 2020-இல் அந்தக் கட்டணத்தை எடுத்துவிட்டது. மறுபுறம், ட்விட்டருக்கு மாற்றாக விளம்பரமற்ற இடம் தருவதாகச் சொல்லி 2012-இல் ஆண்டுக்கு 50 டாலர் வாங்கித் தொடங்கிய ஆப்.நெட், 2014-இல் முழுநேர ஊழியர்களை வைத்துக்கொள்ள இயலாமல் போய், 2017-இல் மூடிவிட்டது. பழகிய கூட்டம் ஒன்று அங்கே உருவாவதற்கு முன்பே அதற்கு விலை வைத்தார்கள். ஒரு தளம் குறைந்தது சில ஆண்டுகள் திறந்திருந்து, இது இல்லாவிட்டால் இழப்பு என்று உறுப்பினர்கள் உணர்ந்த பிறகே சந்தா கேட்க வேண்டும்.

பணமில்லாதவர்களை இது வெளியே தள்ளிவிடாதா என்ற மறுப்பு மிக நியாயமானது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 இலங்கை ரூபாயாக இருந்த டாலர், மே மாதத்துக்குள் 360-ஐத் தொட்டது. தொகை மாறாத 5 டாலர் சந்தா, யாழ்ப்பாணத்தில் இருக்கும் மாணவருக்கு இரண்டே மாதங்களில் 1,000 ரூபாயிலிருந்து 1,800 ரூபாயானது. இந்தியாவிலும், 2021 அக்டோபர் 1 முதல் அட்டைகளில் தானாகப் பணம் பிடிக்கும் முறைக்கு ரிசர்வ் வங்கியின் புதிய விதிகள் நடைமுறைக்கு வந்தபோது, மாதந்தோறும் வெளிநாட்டுத் தளங்களுக்குப் போய்க்கொண்டிருந்த சந்தாக்கள் பல நின்றுபோயின. கொடுக்க மனமிருந்தும் கொடுக்க முடியாமல் போனவர்கள் இவர்கள். ஆகவே, கேட்டவருக்குக் காரணம் விசாரிக்காமல் சந்தாவைத் தள்ளுபடி செய்யும் ஏற்பாடு முதல் நாளிலேயே இருக்க வேண்டும். யார் கட்டினார், யார் கட்டவில்லை என்பது பெயருக்குப் பக்கத்தில் பொறித்த அடையாளமாக ஒருபோதும் தெரியக் கூடாது. நல்ல நோக்கத்தோடு தொடங்கிய இடங்களில்கூட அந்தச் சின்னம் உறுப்பினர்களை இரண்டு சாதியாகப் பிரித்துவிடுகிறது.

பணம் வாங்கியவருக்குக் கடமைகளும் கூடவே வருகின்றன. 1985-இல் தொடங்கி, முதலிலிருந்தே கட்டணம் வாங்கிவந்த வெல் என்ற அமெரிக்கக் குழுமம் பலர் கைமாறி, 2012-இல் அதன் உறுப்பினர்கள் சிலராலேயே விலைக்கு வாங்கப்பட்டது. பணம் கட்டிப் பழகியவர்களுக்கு அந்த இடத்தின்மீது உரிமையுணர்வு வளர்ந்திருந்ததால்தான் அது முடிந்தது என்று நம்புகிறேன். அந்த உணர்வு வளர, வரவு செலவுக் கணக்கை ஆண்டுக்கு ஒருமுறை எல்லாரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். ஒவ்வொருவரும் தாம் எழுதியதை எப்போது வேண்டுமானாலும் பதிவிறக்கிக்கொள்ளும் வசதியும், தளத்தை மூட நேர்ந்தால் எத்தனை மாதங்களுக்கு முன் சொல்வோம் என்ற எழுத்துப்பூர்வ உறுதியும் வேண்டும்.

தமிழில் அப்படி ஒரு தளத்தை நடத்துபவர் என்னைக் கேட்டால், மாதச் சந்தாவை விட்டுவிட்டு, இந்தியாவில் இருப்பவர்கள் யுபிஐ வழியாக ஆண்டுக்கு ஒருமுறை தாமே அனுப்பும் தொகையாக வையுங்கள், வெளிநாட்டில் இருப்பவர்களுக்குச் சற்றுக் கூடுதலான தொகையை வெளிப்படையாகச் சொல்லுங்கள் என்பேன். சேரும் பணத்தில் முதல் செலவாக, இதுவரை சம்பளமின்றி மட்டுறுத்திவருபவருக்கு ஒரு தொகையை ஒதுக்குங்கள் என்பேன்.