கிழவிகள் மனப்பாடம் செய்த நாவல்கள்

"கிழவிகளுக்குப் பழைய நாவல்கள் மனப்பாடம்." ஒரு ஸ்பானியக் கட்டுரையின் தமிழாக்கத்தில், அச்சில் இப்படித்தான் வந்திருக்கிறது. மொழிபெயர்ப்பாளர் எழுதிக் கொடுத்தது 'பழைய ரொமான்ஸ்கள்'. நாவல் ஆக்கியது நான்.

காரணமில்லாமல் ஆக்கவில்லை. அதற்கு முன்பு வந்த ஒரு போர்த்துகீசிய நூலின் பிரதியில், தலைப்புக்குக் கீழே 'ரொமான்ஸ்' என்றிருந்ததைக் 'காதல் கதை' என்று தமிழாக்கியிருந்தார்கள். போர்த்துகீசியத்தில் அது நாவலைக் குறிக்கும் சாதாரணச் சொல். பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் ரோமான், இத்தாலியனில் ரொமான்ஸோ, ருஷ்யனில் ரமான், எல்லாம் நாவல்தான். அட்டைக்குப் போகுமுன் பிடித்துவிட்டோம் என்ற தெம்பு இந்த ஸ்பானியக் கட்டுரை மேசைக்கு வந்தபோதும் இறங்கவில்லை.

மெய்ப்பின் ஓரத்தில் மொழிபெயர்ப்பாளர் பென்சிலால் கேட்டிருந்தார்: "நாவலை யாருங்க மனப்பாடம் பண்ணுவா?" போனில் சொன்னேன்: "வேர் ஒண்ணுதான் மேடம். லத்தீன்லேருந்து வந்தது, எல்லா மொழியிலயும் நாவல்தான்." "நீங்க பாத்தா சரி" என்று வைத்துவிட்டார்.

வேர் பற்றிச் சொன்னதில் பிழையில்லை. 'ரோமானிகே' என்ற லத்தீன் வினையடைக்கு 'ரோமானியர் வழக்கில்' என்று பொருள். அது முதலில் இலக்கிய வகையின் பெயரே அல்ல, பேச்சின் பெயர். படித்தவர்களின் லத்தீன் ஒரு பக்கம், சந்தையில் புழங்கிய மொழி இன்னொரு பக்கம். 813இல் பிரான்சின் தூர் நகரில் கூடிய திருச்சபை மன்றம், மறையுரைகளை 'நாட்டுப்புற ரோமானிய மொழி'யிலோ ஜெர்மானிய மொழியிலோ சனங்களுக்கு விளங்கும்படி சொல்லச் சொன்னது. பிறகு, லத்தீன் நூலை மக்கள் பேச்சில் ஆக்குவதை 'ரொமான்ஸில் போடுவது' என்றார்கள் பழைய பிரெஞ்சுக்காரர்கள். 12ஆம் நூற்றாண்டில் அந்தப் பேச்சில் எழுந்த வீரக்கதைகளுக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. தமிழில் எழுதிய கதைக்கெல்லாம் 'தமிழ்' என்று பெயர் விழுந்த மாதிரி.

ஸ்பானியத்தில் அதே சொல் பாட்டுக்குப் போய்விட்டது. எட்டு அசை வரிகள். இரட்டைப்படை வரிகளின் கடைசியில் உயிரோசை மட்டும் ஒத்து வரும், ஒற்றைப்படை வரிகளுக்கு அந்தக் கட்டு கிடையாது. 16ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆன்ட்வெர்ப் நகரில் இந்தப் பாட்டுகளைத் தொகுத்து அச்சிட்டார்கள். ஆனாலும் வாய்வழியாகவே நெடுங்காலம் வாழ்ந்தன. 1900இல் ஸ்பானிய மொழியறிஞர் மெனெண்டஸ் பிடால் தேனிலவுப் பயணத்தில் ஒரு சலவைக்காரப் பெண் பாடக் கேட்டதும் இப்படி ஒரு ரொமான்ஸைத்தான். கிழவிகளுக்கு மனப்பாடமாக இருந்ததும் இதுவே. தமிழில் 'கதைப்பாடல்' என்ற சொல் தயாராக இருக்கிறது. எனக்கு ஏனோ தோன்றவில்லை.

நாவலுக்கு ஸ்பானியர்கள் வைத்துக்கொண்டது 'நொவேலா'. அதுவும் வழுக்கும் சொல். லத்தீன் 'நோவுஸ்' என்றால் புது, அதிலிருந்து 'நொவெல்லுஸ்', இத்தாலியனில் 'நொவெல்லா', புதுச் சேதியும் அதுதான், சிறுகதையும் அதுதான். 1613இல் செர்வான்டஸ் அந்தப் பெயரில் வெளியிட்ட 12 கதைகளில் எதுவும் இன்றைய நாவல் நீளம் இல்லை. (நாவலை நாம் 'புதினம்' என்கிறோம்; யாழ்ப்பாணத்தில் "என்ன புதினம்?" என்றால் சேதி கேட்கிறார்கள். நொவெல்லாவின் இரண்டு பொருளும் ஒரே தமிழ்ச் சொல்லில்.)

மொழிபெயர்ப்பாளர் எழுதியபடியே விட்டிருந்தாலும் தவறுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வதுண்டு. 'பழைய ரொமான்ஸ்கள்' என்றால் நம் வாசகர் கிழவிகளின் இளமைக்காலக் காதலை அல்லவா நினைப்பார்? ஆனால் அவருடைய சொல்லைப் பார்த்துச் சந்தேகப்பட்டு யாராவது மூலத்தைத் தேடியிருப்பார்கள். என்னுடையது நல்ல தமிழ் வாக்கியம் போல அமர்ந்துவிட்டது.

இப்போது அந்தச் சொல் வந்தால் அகராதிக்கு முன்னால் வினையைப் பார்க்கிறேன். பாடினாள், கேட்டாள் என்று வந்தால் பாட்டு. பக்கம், அத்தியாயம், பதிப்பு என்று வந்தால் நாவல். பெரும்பாலும் சரியாக வருகிறது. பிரெஞ்சில் 'ரோமான்ஸ்' என்று உருக்கமான ஒரு பாட்டு வகையும் உண்டு; அங்கே ஒரு ஓசையில் ஆள் மாறிவிடும்.

அன்று இந்த விதி தெரியாது என்றும் சொல்லிவிட முடியாது. அதே கட்டுரையில், நான்கு பக்கம் தள்ளி, ஒரு பெண்ணுக்கும் மேளக்காரன் ஒருவனுக்கும் 'ரொமான்ஸ்' என்று வருகிறது. அந்த இடத்தில் சுற்றிலும் படித்துப் பார்த்து, நாவல் என்று போடாமல், ஒழுங்காகக் 'காதல்' என்று திருத்தியிருக்கிறேன்.